ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ்: 'வீழ்விகிதம்' என்று சொல்லலாமா?

> ரெசிஸ்டிவ் இண்டெக்சுக்கு 'எதிர்ப்புக் குறியீடு' அல்லது 'தடை எண்' போதுமே?

அன்பர்களுக்கு வணக்கம்.

ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ் என்பது டாப்ளர் ஸ்கேனில் (ரத்த ஓட்ட வேகத்தை ஒலியலையால் அளக்கும் சோதனை) தமனியின் ஓட்டத்துக்குக் கணக்கிடும் ஓர் எண். அதற்குச் சொன்ன இரண்டு சொல்லிலும் எனக்கு உடன்பாடில்லை. கல்லீரல் மாற்று அறுவை முடிந்த வார்டில் 'எதிர்ப்பு' என்றாலே நோயெதிர்ப்பும் அதை அடக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையும்தான் நினைவுக்கு வரும். டாப்ளர் ரிப்போர்ட்டில் 'எதிர்ப்புக் குறியீடு 0.7' என்று பார்க்கும் உறவினர், உடல் புதிய கல்லீரலை ஏற்கவில்லையோ என்று பதறிவிடுவார்.

'தடை எண்' அதைவிட மோசம், ஏனென்றால் பொருளையே தலைகீழாக்கிவிடும். கல்லீரல் தமனியில் இந்த மதிப்பு வழக்கமாக 0.5 முதல் 0.8 வரை. தமனியைத் தைத்து இணைத்த இடம் சுருங்கினால் அதைத் தாண்டிய பகுதியில் அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் சிறு தமனிகள் விரிந்துகொடுக்கின்றன. டாப்ளர் காட்டும் வேக அலையின் உச்சம் மழுங்கி மதிப்பு 0.5க்குக் கீழே இறங்குகிறது. ஆக, வழியில் தடை இருக்கும்போதுதான் 'தடை எண்' குறைவாக வரும்! மாறாக முதல் இரண்டு மூன்று நாளில் 0.8க்கு மேல் வருவது பெரும்பாலும் கல்லீரல் வீக்கத்தால், தானாகவே இறங்கிவிடும்.

இந்த எண் உண்மையில் எதை அளக்கிறது? ஒரு துடிப்பில் ரத்தத்தின் உச்ச வேகத்திலிருந்து இதயவிரிவின் (இதயம் தளர்ந்து நிரம்பும் கட்டத்தின்) கடைசி வேகத்தைக் கழித்து, உச்ச வேகத்தால் வகுக்கிறோம். உச்சம் நொடிக்கு 60 செ.மீ., கடைசி 18 செ.மீ. என்றால் 42/60 = 0.7. வேகத்தில் பத்தில் ஏழு பங்கு வீழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் 'வீழ்விகிதம்' என்பது என் முன்மொழிவு. வீழ்படிவு போல வினைத்தொகை. காரணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, அளந்ததை மட்டும் சொல்லும். விகிதம் என்பதால் டாப்ளர் கோணம் (ஒலியலைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம்) இங்கே அடிபட்டுப் போகிறது என்பதும் சொல்லிலேயே தெரியும். உச்ச வேகத்தைத் தனியாக எழுதும்போதுதான் கோணம் 60 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும்.

துணைக்கு ஒன்று: அலை அடியிலிருந்து உச்சத்துக்கு ஏற எடுக்கும் காலத்தை 'ஏறுநேரம்' எனலாம். 0.08 நொடிக்கு மேல் போய், வீழ்விகிதமும் 0.5க்குக் கீழே என்றால் சுருக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். மெதுவாக ஏறி, உச்சமும் தாழ்ந்திருக்கும் 'டார்டஸ் பார்வஸ்' அலைக்கு 'மந்தச் சிற்றலை'.

> உடன்பாடே ஐயா. ஆனால் இதயவிரிவில் ரத்தம் பின்னோக்கி ஓடினால் மதிப்பு 1ஐத் தாண்டுமே, அப்போதும் இந்தச் சொல் நிற்குமா?

நிற்கும் ஐயா. கடைசி வேகம் சுழி என்றால் வீழ்விகிதம் 1. உச்சம் முழுதும் வீழ்ந்துவிட்டது. எதிர்க்குறி வந்தால் சுழிக்கும் கீழே வீழ்ந்தது என்று பொருள். 1 வந்து உச்ச வேகமும் நாளுக்கு நாள் குறைந்தால் காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்திலேயே மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். மாற்றுக் கல்லீரலில் பித்தநாளங்களுக்கு இந்தத் தமனி ஒன்றே ஆதாரம். அது அடைபட்டால் நாளங்கள் அழுகும்.

சிக்னலே கிடைக்காத நிலைக்கு வீழ்விகிதம் எழுதக் கூடாது என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். ஸ்கேன் கருவியில் வேக அளவுகோலையும் வால் ஃபில்டரையும் (மெதுவான ஓட்டத்தின் சிக்னலை நீக்கும் வடிகட்டி) குறைத்து, கெயினை (சிக்னல் பெருக்கத்தை) கூட்டி, கல்லீரல் வாயிலிலும் உள்ளே வலம் இடம் இரண்டிலும் தேட வேண்டும். ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலும் தமனி இறுகியிருந்தாலும் ஓட்டம் தென்படாமல் போகலாம். அப்படியும் வராவிட்டால் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி ரத்தக்குழாயைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் அல்லது சிடி ஆஞ்சியோ.

பதிவில் நாடித்துடிப்பையும் குறிக்கச் சொல்வேன். துடிப்பு வேகமானால் வேகம் முழுதும் வீழும் முன்பே அடுத்த துடிப்பு வந்துவிடும். அதனால் மட்டுமே வீழ்விகிதம் குறைந்து தெரியும்.