ஏபிஓஈ பரிசோதனை: விமானிகள், மரபணு ஆலோசகர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் மாமா விமானி, வயது 56. அவருடைய அம்மாவுக்கு அல்சைமர் (மறதி நோய்) இருந்தது. அதனால் யாருடைய பெயராவது சட்டென்று நாக்கில் வராவிட்டால்கூட மாமாவுக்கு முகம் வாடிவிடுகிறது. இப்போது, அல்சைமர் அபாயத்தோடு தொடர்புள்ள ஏபிஓஈ (APOE) என்ற மரபணுவுக்கான பரிசோதனை எடுத்தே தீருவேன் என்கிறார்.

தேடியதில் ஸ்டான்ஃபோர்டு குழுவின் ஆய்வு (2007) ஒன்று கிடைத்தது. 40 முதல் 69 வயது வரையிலான 118 விமானிகளை 3 ஆண்டுகள் சிமுலேட்டரில் (விமானம் ஓட்டுவதுபோலவே இருக்கும் பயிற்சிக் கருவி) சோதித்திருக்கிறார்கள். விமானித் தகுதியில் மேல்நிலையில் இருந்தவர்கள் தொடக்கத்திலேயே நன்றாக ஓட்டினார்கள். சரிவும் அவர்களுக்குக் குறைவு. கட்டுப்பாட்டு அறை சொல்வதைப் பிழையில்லாமல் நிறைவேற்றுவதில்தான் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததாம். அப்புறம் 2011இல் பிடிஎன்எஃப் என்ற இன்னொரு மரபணுவைப் பார்த்தபோது, 'மெட்' வகை உள்ளவர்களுக்குச் சரிவு வேகமாக இருந்திருக்கிறது.

சரி, ஏபிஓஈ மரபணுவின் ஏபிஓஈ4 என்ற வகை இருந்தால் அல்சைமர் அபாயம் கூடும். ஆனால் நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. அது இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆறு மாதத்துக்கொரு முறை சிமுலேட்டர் சோதனையில் தேறுகிற மனிதருக்கு இந்தத் தாள் எதற்கு என்பது என் கட்சி. அத்தை மாமா பக்கம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இந்த முடிவை கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனையில் (தொழில்முறை விமானிகளுக்கான உடல்தகுதிச் சோதனை) தெரிவித்தாக வேண்டுமா? காப்பீட்டில் சிக்கல் வருமா? சென்னையில் நிதானமாக உட்கார்ந்து பேசுகிற மரபணு ஆலோசகர் யாராவது உண்டா? மாமா ஆன்லைனில் எச்சில் மாதிரி கிட் ஆர்டர் போடும் பக்கம் வரை போய்விட்டார், அதனால் கொஞ்சம் அவசரம். இன்பாக்ஸிலும் சொல்லலாம்.