எம்.எல்.ஏவை வைத்து மீம் போட்டால் கேஸ் போட முடியுமா?

மெய்யப்பன்:
எங்கள் ஏரியா வாட்ஸப் குரூப்பில் நடந்த விஷயம். பஸ் ஸ்டாண்டை ஒட்டின பள்ளத்தில் மழைத்தண்ணீர் வற்றவே இல்லை. குரூப்பில் இருக்கிற ஒரு பையன் அதைப் போட்டோ எடுத்து, எம்.எல்.ஏ ரிப்பன் வெட்டுகிற பழைய படத்தை அதன்மேல் ஒட்டி, "தொகுதியின் முதல் நீச்சல் குளம், அனுமதி இலவசம்" என்று எழுதிப் போட்டுவிட்டான். அரை மணி நேரத்தில் வட்டச் செயலாளரிடமிருந்து அட்மினுக்கு போன். "அண்ணனைக் கேவலப்படுத்துறீங்களா, சைபர் கிரைம்ல ஒரு பெட்டிஷன் போட்டா அட்மின்லேருந்து எல்லாரும் உள்ளே போவீங்க" என்றாராம். அட்மின் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், பயந்த மனுஷன். அன்றைக்கே அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று குரூப்பைப் பூட்டிவிட்டார். இப்போது தினமும் அவர் போடுகிற ரோஜாப்பூ குட்மார்னிங் மட்டும்தான் வருகிறது.

என் கேள்வி இதுதான். அரசியல்வாதியை அவமதித்தால் தண்டனை என்று தனியாகச் சட்டம் இருக்கிறதா? கிண்டலுக்கும் குற்றத்துக்கும் நடுவில் கோடு எங்கே?

கோர்ட் வராண்டா:
தனிச்சட்டம் கிடையாது சார். கிரிமினல் அவதூறுதான் இருக்கிறது. முன்பு இ.பி.கோ 499, 500, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ் 356. அதிகபட்சம் இரண்டு வருஷம். இந்த இரண்டு வருஷக் கணக்கு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ராகுல் காந்தி உதாரணம். 2023இல் சூரத் கோர்ட் சரியாக இரண்டு வருஷம் போட்டது, இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் பதவி போகும் என்பதால் எம்.பி பதவி போனது, அப்புறம் சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தபிறகுதான் திரும்பக் கிடைத்தது.

இது போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போட்டுத் தூக்குகிற பிரிவும் இல்லை. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். மந்திரி என்றால், அவருடைய பதவி சம்பந்தப்பட்ட பேச்சுக்கு அரசு அனுமதி கொடுத்து, அரசு வக்கீலே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் தாக்கல் செய்வார், மந்திரி கையிலிருந்து ஒரு பைசா செலவில்லை. எம்.எல்.ஏவுக்கு அந்தச் சலுகை கிடையாது, சொந்தக் காசில் வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பொதுக்காரியத்தில் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தேங்கின தண்ணீரைக் கிண்டல் செய்தது அதற்குள் தாராளமாக அடங்கும்.

ஆனால் ஜெயிப்பதற்காக யாரும் இந்த கேஸைப் போடுவதில்லை, அலைய விடுவதற்காகப் போடுகிறார்கள். ஜெயலலிதா ஆட்சியில் ஐந்து வருஷத்தில் 200க்கு மேல் அவதூறு வழக்குகள் போட்டார்கள், பத்திரிகைகள், தி.மு.க., விஜயகாந்த் என்று பட்டியல் நீளம். பொதுவாழ்க்கையில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2016இல் விஜயகாந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கண்டித்தது. அதே வருஷம் மே மாதம்தான் அதே சுப்ரீம் கோர்ட், சுப்பிரமணியன் சுவாமி, ராகுல், கெஜ்ரிவால் மூவரும் தொடுத்த வழக்கில், கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்றும் சொல்லிவிட்டது. கண்டிப்பார்கள், ஆனால் கத்தியைப் பிடுங்க மாட்டார்கள்.

அட்மின் பயப்பட வேண்டாம். உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது.

பழைய பேப்பர்:
வக்கீல் சார் சட்டசபையை விட்டுவிட்டார். அங்கே கோர்ட்டே வேண்டாம், அவர்களே போலீஸ், அவர்களே ஜட்ஜ். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் ஜேப்படிக்காரர் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் மந்திரி என்கிற மாதிரி. யார் பெயரும் கிடையாது, எந்தக் கட்சியும் கிடையாது. எம்.ஜி.ஆர் ஆட்சி, சபாநாயகர் பி.எச்.பாண்டியன், சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் என்று சொன்னாரே அவர்தான். சபையின் உரிமை மீறல் என்று விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் கொதித்ததால் சில நாளில் விட்டுவிட்டார்கள். அவர் அதோடு விடாமல் வழக்குப் போட்டு, அந்தக் கைது செல்லாது என்று வாங்கி, ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார்.

பெயரே இல்லாத ஜோக்குக்கு இத்தனை பேருக்கு ஏன் சுருக்கென்றது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் எம்.எல்.ஏ தரப்பு ஒரு போனோடு நிறுத்திக்கொண்டதே, நல்லவர்தான்.

கயல்:
எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் வேறுமாதிரி சொல்கிறேன். பள்ளத்தைப் பற்றிய மீம் கிண்டல், சரி. ஆனால் உள்ளாட்சியில் இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றி எங்கள் ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று ஒருநாள் வந்து படியுங்கள். குடிதண்ணீர் வரவில்லை என்று ஆரம்பிக்கும் பேச்சு மூன்றாவது கமென்ட்டில் அவர் யாரோடு போகிறார் என்பதில் வந்து நிற்கும், நான்காவதில் சாதி வந்துவிடும். ஆண் கவுன்சிலருக்கு இதில் பாதிகூட வருவதில்லை. இதையும் கருத்துச் சுதந்திரக் கணக்கில் எழுதினால் அடுத்த தேர்தலில் எந்தப் பெண் மனுத் தாக்கல் செய்வாள்? அரசியல்வாதி என்றால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்கிற சலுகையில் மாட்டுவது பெரிய மந்திரி இல்லை, ஆள்பலம் இல்லாத வார்டு மெம்பர்.

ஹாம்பர்க் சேகர்:
கயல் சொல்கிற அதே காரணத்துக்காகத்தான் ஜெர்மனியில் நிஜமாகவே தனிப்பிரிவு வைத்திருக்கிறார்கள். குற்றவியல் சட்டம் 188. அரசியலில் இருப்பவரை, அவர் வேலையைக் கடினமாக்கும் அளவுக்கு அவமதித்தால் மூன்று வருஷம் வரை. 2019இல் வால்டர் லூப்கே என்கிற அரசியல்வாதியை வலதுசாரி ஒருவன் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றான், அதற்குமுன் இணையத்தில் அவர்மேல் அவ்வளவு வெறுப்பைக் கொட்டியிருந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 2021இல் பிரிவை விரிவாக்கி, ஊராட்சி உறுப்பினர் வரைக்கும் பாதுகாப்பு கொடுத்தார்கள். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது.

நடந்தது என்ன? 2024 நவம்பரில் பவேரியாவில் ஒரு பெரியவர் வீட்டுக்குக் காலங்காத்தால போலீஸ். பொருளாதார அமைச்சர் ஹாபெக் படத்தை ஒரு ஷாம்பூ விளம்பரம் மாதிரி மாற்றி, மண்டு என்கிற அர்த்தம் வரும்படி எழுதின மீமைப் பகிர்ந்திருந்தார். அதற்கு வீடு சோதனை, டேப்லெட் பறிமுதல். அமைச்சரும் புகாரில் கையெழுத்துப் போட்டிருந்தார். விளைவு, சிலரோடு போயிருக்க வேண்டிய மீமை நாடே பார்த்தது. எங்கள் ஹாம்பர்க்கிலேயே 2021இல் உள்துறை பொறுப்பாளரைப் பற்றி ஒரு வரி ஆபாச ட்வீட்டுக்கு வீடு சோதனை நடந்தது, அப்புறம் ஊர்ச் சுவரெல்லாம் அந்த வரி ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது, எத்தனை தடவை அழித்தாலும் மறுநாள் திரும்ப வந்துவிடும்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். பசுமைக் கட்சியின் ரெனாட்டே குயூனாஸ்டைக் காது கூசுகிற பாலியல் வசவுகளால் திட்டியதை, அது விமர்சனம்தான் என்று 2019இல் பெர்லின் கோர்ட் சொன்னது. அதை அரசியல்சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் கேட்டது யாரையும் ஜெயிலில் போடச் சொல்லி இல்லை, திட்டினவர்களின் விவரத்தை ஃபேஸ்புக் கொடுக்க வேண்டும் என்றுதான்.

கோர்ட் வராண்டா:
கயல், நீங்கள் சொல்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொது இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மார்ஃபிங் ஆபாசத்துக்கு ஐ.டி சட்டம் 67, மிரட்டலுக்குத் தனிப்பிரிவு. அந்த வார்டு மெம்பர் ஸ்டேஷனுக்குப் போனால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது வாங்குவதற்கே நாலு நடை நடக்க வேண்டும், மந்திரி விஷயம் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். அதனால்தான் புதுச் சட்டம் என்றாலே எனக்கு ஒவ்வாமை. கொண்டுவருவது வார்டு மெம்பர் பெயரைச் சொல்லி, பயன்படுத்துவது மந்திரி.

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்ற ஐ.டி சட்டம் 66ஏ அப்படித்தான் போனது. 2012இல் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்வீட் போட்டதற்குப் புதுச்சேரியில் ஒருவரைக் கைது செய்தார்கள், அப்போது அவருக்கு ட்விட்டரில் 16 ஃபாலோயர். அந்தப் பிரிவை 2015இல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. ரத்தான பிறகும் பல மாநிலங்களில் போலீஸ் அதே பிரிவில் கேஸ் போட்டுக்கொண்டிருந்ததை 2021இல் அதே கோர்ட்டே அதிர்ச்சி என்றது. 2018இல் தூத்துக்குடி விமான நிலையத்தில் தமிழிசை முன்னால் பா.ஜ.க.வுக்கு எதிராகக் கோஷம் போட்ட மாணவியின் வழக்கு 2023இல்தான் ரத்தானது. ஒரு கோஷத்துக்கு ஐந்து வருஷம். இதில் கட்சி வித்தியாசமே கிடையாது. பத்திரிகையாளர்கள் மேல் அ.தி.மு.க. போட்ட அவதூறு வழக்குகளை 2021இல் தி.மு.க. அரசு வாபஸ் வாங்கியது, 2023இல் அதே ஆட்சியில் மதுரை எம்.பி பற்றிய ட்வீட்டுக்காக பா.ஜ.க. நிர்வாகியைக் கைது செய்தார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லோரும் கருத்துச் சுதந்திரப் போராளிதான்.

என்னைக் கேட்டால் கிரிமினல் அவதூறையே எடுத்துவிடலாம், சிவில் வழக்கு போதும் என்பேன். ஆனால் சிங்கப்பூரில் 2021இல் பிரதமரைப் பற்றிய கட்டுரையின் லிங்க்கை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தவருக்கு சிவில் வழக்கிலேயே 1,33,000 டாலர் போட்டார்கள். அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கயல்:
சட்டம் இருக்கிறது, ரசீது கிடைக்காது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் அந்த மெம்பர் என்னதான் செய்வார்? உங்கள் பதிலில் மந்திரியைப் பற்றி முழுக்கதை இருக்கிறது, அவருக்கு ஒரு வரிதான் இருக்கிறது.

மெய்யப்பன்:
எல்லோருக்கும் நன்றி. கயல் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. கேரளத் தீர்ப்பை அட்மினுக்கு அனுப்பினேன், "பார்த்தேன், நல்லது" என்று கைகூப்பினார், பூட்டை மட்டும் திறக்கவில்லை. வட்டச் செயலாளர் திரும்ப போன் செய்தால் என்ன சொல்லட்டும்?

கோர்ட் வராண்டா:
புகார் கொடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கேளுங்கள், வாய்வார்த்தைக்குப் போக வேண்டாம். மீமை அழிக்காமல் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பள்ளத்தையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், கேஸ் என்று வந்தால் அது உங்கள் சாட்சி, அவசரமாக ஜல்லி கொட்டி மூடிவிடப் போகிறார்கள்.