எடின்பரோ நண்பர்களே, இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தெரியுமா?

வணக்கம். எங்கள் எதிர்வீட்டில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்திலிருந்து வந்த ஒரு தம்பதி இருக்கிறார்கள். மனைவி இங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். 2024 ஜனவரியிலிருந்து மாணவர் விசாவில் குடும்பத்தை அழைத்து வருவது பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்களுக்குத்தான் முடிகிறது. அதனால்தான் கணவரும் மகளும் கூட வர முடிந்தது. கணவருக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.

காலையில் அவர் வீடு திரும்பும்போது மனைவி ஆய்வகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். இரவெல்லாம் விழித்தவர், மதியம் வரை தூங்காமல் குழந்தையைப் பார்க்கிறார். பார்க்கவே மனசு கேட்கவில்லை. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 1,140 மணி நேர இலவசப் பராமரிப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைப்பது மூன்று வயதில்தான். அதுவரை முழுநேர நர்சரிக் கட்டணம் இவர்களுக்குக் கட்டாது.

லீத் பக்கம், வாரத்தில் மூன்று காலை மட்டும் பார்த்துக்கொள்ளும் சைல்டுமைண்டர் யாரையாவது தெரியுமா? முறைப்படி பதிவு செய்தவராக இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகளை விட்டுப் பழகியவர் என்றால் இன்னும் நல்லது.

அப்புறம், தென்னாப்பிரிக்க ஓட்டுநர் உரிமத்தை இங்கே தேர்வு இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். நம் இந்திய உரிமத்துக்கு அந்த வசதி இல்லை என்பதால் எனக்கு அனுபவமில்லை. மாற்றியவர் யாரையாவது தெரிந்தால், புது உரிமம் கைக்கு வர எவ்வளவு நாள் ஆனது என்று கேட்டுச் சொல்லுங்கள்.