மாமல்லரை மன்னிக்க முடியுமா? சரித்திரக் காதல் கதைகளில் குறையுள்ள நாயகர்கள்

கேள்வி: செங்கழுநீர்

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த முறை கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நான்கு பாகங்களையும் எடுத்துக்கொண்டோம். காஞ்சி முற்றுகையைப் பற்றியும் ஒற்றரான புத்த பிக்கு நாகநந்தியைப் பற்றியும் அநேகமாக ஒரே குரலில் பேசிய வட்டம், பல்லவ இளவரசர் மாமல்லர் (நரசிம்மவர்மர்) என்று வந்ததும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஓர் அரசன் வேறு எப்படி நடந்துகொள்ள முடியும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். தன்னை நம்பி இருந்த நடனக்காரி சிவகாமியைக் கைவிட்டவன் கதாநாயகன் ஆகமாட்டான் என்று மற்றவர்கள் அடித்துச் சொல்கிறார்கள்.

என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சிறைப்பட்ட தமிழர்களைச் சாட்டையால் அடித்து, அவர்களைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆடு என்று சளுக்கியத் தலைநகர் வாதாபியின் நாற்சந்தியில் சளுக்கிய மன்னன் புலிகேசி அவளை ஆடவைத்த பிறகுதான், இந்த நகரத்தை மாமல்லர் எரித்துத் தன்னை மீட்கும்வரை வெளியேறமாட்டேன் என்று சிவகாமி சபதம் செய்கிறாள். மாமல்லர் மாறுவேடத்தில் வந்து அழைக்கும்போது அந்தச் சபதத்தைக் காட்டி உடன்வர மறுப்பவளும் அவள்தான். ஆகவே ஒன்பது ஆண்டுகள் காக்கவைத்தார் என்ற குற்றச்சாட்டில் பாதி அவருக்குப் பொருந்தாது. பாண்டியன் மகளை மணந்ததற்கும் காரணம் காட்டலாம்; தெற்கே பாண்டியனைப் பகையாக விட்டுவிட்டு வடக்கே படை நடத்த எந்தப் பல்லவனாலும் முடியாது. என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்றுதான்: அந்தத் திருமணத்தை அவர் தம் வாயால் அவளிடம் சொல்லவில்லை. வாதாபியைக் கொளுத்தத் துணிந்த மனிதருக்கு ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லத் துணிவில்லை. காஞ்சிக்குத் திரும்பிய பிறகு, அரசியையும் குழந்தைகளையும் கண்ணால் கண்டு அவள் தெளிய வேண்டியிருக்கிறது.

நாயகனின் எந்தக் குறையை நாம் கதைச் சுவை என்று ரசிக்கிறோம், எந்தக் குறையில் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறோம்? மற்ற சரித்திர நாவல்களையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி: ஏரிக்கரையான்

நீங்கள் தவறான ஆளைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள் என்பது என் கருத்து. அந்த நாவலில் உண்மையான குறையுள்ள நாயகர் மாமல்லரின் தந்தை மகேந்திரவர்மர். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி பல்லவ சிம்மாசனத்தில் அமரக் கூடாது என்று முதலில் முடிவுகட்டியவர் அவர். மகனையும் அவளையும் பிரித்துவைக்கத் தம் ராஜதந்திரம் முழுவதையும் செலவிட்டவரும் அவரே. வஜ்ரபாகு என்ற வேடத்தில் பகைவனின் பாசறைக்குள் புகுந்து வரும் சாமர்த்தியத்தைப் படிக்கும்போது நாம் கைதட்டுகிறோம். ஆனால் முற்றுகை முடிந்து சமாதானம் பேசி, புலிகேசியைக் காஞ்சிக்குள் விருந்தாளியாக அழைத்து, அவன் முன்னால் சிவகாமியை ஆடவிட்டு, கடைசியில் தாம் செய்த தந்திரத்தைத் தாமே பெருமையாக வெளியிடுகிறாரே, அந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. அவமானப்பட்டுத் திரும்பும் சளுக்கிய மன்னனின் கோபத்தில் சிற்பங்கள் உடைபட்டன, சிற்பியின் கால் ஒடிந்தது, மகள் சிறைப்பட்டாள்.

மாமல்லர் அந்தக் கடனை அடைக்க வந்த மகன். தந்தை சொல்லுக்கு இணங்கி மணந்தார், வயதில் சிறியவர். அவர் சொல்லாமல் இருந்தது கோழைத்தனம் என்கிறீர்கள். இடையில் பகைநாடு இருக்க, கோட்டைக்குள் சிறைப்பட்டிருப்பவளுக்கு ஓலை அனுப்பி, "உன்னை மீட்க வருவேன், ஆனால் மணக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தால் அதைத் துணிவு என்பீர்களா, கொடுமை என்பீர்களா? அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த ஒரு நம்பிக்கையில்தான். அதையும் பறித்திருந்தால் மீட்பதற்கு அங்கே யார் இருந்திருப்பார்கள்? ஊர் திரும்பிய பிறகும் சொல்லாததற்கு என்னிடம் பதில் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி: கல்வெட்டுப் பித்தன்

வரலாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு சொல். பல்லவர் சாசனங்களில் மாமல்லனான நரசிம்மவர்மனுக்குக் குறை என்று எதுவும் கிடையாது. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய போர்களில் புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாகக் கொண்டு அதில் வெற்றி என்ற எழுத்துகளைப் பொறித்தவன் என்று கூரம் செப்பேடு அவனைப் புகழ்கிறது. 642 அளவில் வாதாபி வீழ்ந்தது; அவனுடைய 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இன்றும் பாதாமிப் (பழைய வாதாபி) பாறையில் சிதைந்து கிடக்கிறது. சாசனம் எழுதியவனுக்கு எரிந்த நகரம் ஒரு விருதுப்பெயர், அவ்வளவுதான். அந்த நெருப்பின் பின்னால் ஒரு பெண்ணை நிறுத்தி, அவளைக் கொண்டு அரசனைக் கேள்வி கேட்டது முழுக்க நாவலாசிரியரின் வேலை. சிவகாமி கற்பனைப் பாத்திரம் என்பதை இங்கே எல்லோரும் அறிவோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதே மாமல்லர் 1941இல் தொடராகத் தொடங்கிய 'பார்த்திபன் கனவி'ல் வயது முதிர்ந்த பேரரசராக, சிவனடியார் வேடத்தில் பகைவனின் மகனையே காத்து நிற்பவராக, மாசு மருவற்றவராக வந்துவிட்டார். 1944இல் அடுத்த நாவலைத் தொடங்கும்போது கல்கி அந்த முதியவரின் இளமைக்குப் போகிறார்; போய், அங்கே ஒரு பெருங்குறையை வைக்கிறார். இந்த வரிசையில் படித்தவர்கள் மாமல்லரிடம் இரக்கம் காட்டுவதையும், சபதத்தை முதலில் படித்தவர்கள் கோபப்படுவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் வட்டத்தில் யார் எதை முதலில் படித்தார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

குறை என்று பார்த்தால் எனக்குக் காதல் விவகாரத்தைவிட வாதாபியை எரித்ததே பெரிதாகத் தெரிகிறது. சேனாதிபதி பரஞ்சோதி, சேக்கிழார் பாடும் சிறுத்தொண்டரே. 'வாதாவித் தொன்னகரம் துகளாக' யானைகளைச் செலுத்தி, மணியும் நிதிக்குவியலும் கொண்டுவந்து அரசன் முன் வைத்தார் என்று பெரியபுராணம் பெருமையாகவே பேசுகிறது. நாவலில் அதே பரஞ்சோதி, நகரம் எரிந்த பிறகு வாளைக் கீழே வைத்துவிடுகிறார். ஒரு பெண்ணின் சபதத்துக்காக ஓர் ஊரின் பெண்களும் குழந்தைகளும் நெருப்பில் ஓடினார்களே என்று யாரும் வட்டத்தில் கேட்கவில்லையா?

மறுமொழி: மருதத்திணை

குறையுள்ள நாயகன் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் ஊடலைப் பாடும் மருதத் திணை முழுவதும் இந்த விவகாரம்தான்: பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவன் வாயிலில் நிற்பான், தோழி உள்ளே விடமாட்டாள். கேட்பவர்களில் பாதிப் பேர் தலைவி பக்கமும், பாதிப் பேர் சமாதானத்தின் பக்கமும் அன்றும் நின்றிருப்பார்கள்.

ஆனால் இந்தக் கேள்விக்கு மிகச் சரியான உரைகல் சிலப்பதிகாரத்துக் கோவலன். மாதவியிடம் பொருள் முழுவதையும் தொலைத்தவன். அவனை நாம் எந்த இடத்தில் மன்னிக்கத் தொடங்குகிறோம்? கொலைக்களக் காதையில், சாகப்போவது தெரியாமல், சிலம்பை விற்கப் புறப்படும் முன் அவன் தன் குற்றங்களைத் தானே வரிசையாகச் சொல்லி, "சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்" என்று கண்ணகியிடம் ஒப்புக்கொள்கிறான். அவள் பதிலும் லேசானதல்ல. "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான், எழுக என்றதும் ஏன் எழுந்து வந்தேன் என்பதை விளக்குகிறாள். அவன் சொன்னான், அவளும் சொல்லிவிட்டாள். இரண்டு பேச்சும் நடந்துமுடிந்த பிறகு அவன் வெட்டுண்டு விழும்போது நம் நெஞ்சு பதறுகிறது. இளங்கோ அந்த உரையாடலை எழுதாமல் விட்டிருந்தால், மதுரை எரிவது எனக்குச் சற்று மிகையாகவே பட்டிருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் துஷ்யந்தனை வையுங்கள். மகாபாரதத்தில் அவன் சகுந்தலையை நன்றாக அடையாளம் தெரிந்தே, சபை நடுவே, யார் நீ என்று கேட்கிறான். ஊரார் ஐயப்படக் கூடாது என்பதற்காக அப்படி நடித்தேன் என்று பிறகு சமாதானம் சொல்கிறான். காளிதாசருக்கு இது பொறுக்கவில்லை. துர்வாசரின் சாபம், தொலைந்த மோதிரம் இரண்டையும் நடுவில் நுழைத்து நாயகனைக் கழுவிவிட்டார். நாடகம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் சாபத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிற்கும் நாயகனைவிட, அசடு வழியப் பொய் சொல்லும் பழைய துஷ்யந்தனிடம் எனக்கு உயிர் தெரிகிறது. அவனிடம் சகுந்தலையும் வாய்நிறையச் சண்டை போடுகிறாள்.

ஆகவே செங்கழுநீர் அவர்களுக்கு என் பதில் இது: குறை எவ்வளவு பெரியது என்று நாம் அளப்பதில்லை. அந்தக் குறையால் அடிபட்டவளுக்கு ஆசிரியர் பேச இடம் கொடுத்தாரா என்றே பார்க்கிறோம். மாமல்லரிடம் உங்களுக்கு ஆறாமல் இருப்பது, சிவகாமி அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கும் காட்சி கடைசிவரை வராததால்தான்.

மறுமொழி: பழைய தொடர்கதை வாசகி

நீங்கள் எல்லோரும் கல்கியோடு நின்றுவிட்டீர்கள். சரித்திர நாவலாசிரியர் சாண்டில்யனை வாராவாரம் காத்திருந்து படித்த தலைமுறையைச் சேர்ந்த நான் கொஞ்சம் கசப்பாகவே பேசப்போகிறேன், மன்னியுங்கள்.

'கடல் புறா'வின் இளையபல்லவன், கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் பாடும் கருணாகரத் தொண்டைமானேதான். கப்பலோட்டத் தெரிந்தவன், கொள்ளைக்காரனோடு பழகத் தெரிந்தவன், சூழ்ச்சியில் எவனுக்கும் இளைத்தவன் அல்லன். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியிடமும் மனத்தைக் கொடுக்கிறான், அட்சயமுனையில் மஞ்சளழகியைக் கண்டதும் அவளிடமும் கொடுக்கிறான். இது கதையில் குறையாகவே எழுதப்படவில்லை என்பதுதான் விஷயம். நாயகனுக்குக் கூடுதலாக ஒரு பெண் என்பது அவன் வாளின் கைப்பிடியில் கூடுதலாக ஒரு ரத்தினம் போல. பதினெட்டு வயதில் நான் அதைக் கிறக்கத்தோடு படித்தேன். என் மகள் அந்த வர்ணனைப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, கடற்போர் வரும் இடத்தை மட்டும் உட்கார்ந்து படிக்கிறாள். அரசர்கள் பலரை மணந்த காலம், அதை இன்றைய கண்ணால் பார்க்கலாமா என்று இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும். பலரை மணப்பது அக்கால வழக்கம் என்றால் பொறாமையும் அக்காலத்தில் இருந்திருக்கும் அல்லவா? அந்த இரு பெண்களின் மனத்துக்குள் அதை எவ்வளவு தூரம் எழுதினார்கள் என்பதுதான் என் கேள்வி.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாயகன் வந்தியத்தேவனை யாரும் எடுக்கவில்லையே! அவன் வாயைத் திறந்தால் பொய், அவசரக்காரன், நண்பன் வீட்டில் தங்கிய இரவில் சதியாலோசனையை ஒட்டுக்கேட்டவன். எல்லாக் குறையும் நமக்குச் சிரிப்பாகவே படுகிறது, ஏனென்றால் அவற்றால் அவன் பெண் எவளையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அந்த நண்பனின் தங்கை மணிமேகலை? சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைத் தானே கொன்றதாகச் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்தியத்தேவனைக் காக்கப் பார்த்து, சித்தம் கலங்கி, அவன் மடியிலேயே உயிர்விடுகிறாள். அவள் அன்பை அவன் முன்பே கவனித்திருக்க வேண்டாமா என்று ஐந்து பாகத்தையும் முடித்த பிறகு எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

கரிகாலன் கதை வேறு. காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனை, தான் காதலித்த நந்தினி கெஞ்சக் கெஞ்சக் கொன்றவன். 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்பது கல்வெட்டில் அவனுக்குப் பட்டம். நாவலில் அதுவே அவனை உறங்கவிடாத நோய். 2022இலும் 2023இலும் படமாக வந்தபோது இளைஞர்கள் அவன் தம்பி அருள்மொழியை விட்டுவிட்டு இவனிடம் ஒட்டிக்கொண்டது எனக்கு வியப்பாக இல்லை.

மறுமொழி: செங்கழுநீர்

எல்லோருக்கும் நன்றி. கல்வெட்டுப் பித்தன் ஐயா கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: இல்லை, வாதாபி மக்களைப் பற்றி வட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை, அடுத்த கூட்டத்தில் நானே எழுப்புகிறேன்.

மருதத்திணை சொன்ன உரைகல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சிவகாமிக்குப் பேச இடமே கிடைக்கவில்லை என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஏகாம்பரநாதருக்கே தன்னை உரியவளாக்கிக்கொண்டு, 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' என்ற அப்பர் பாட்டுக்கு அவள் அபிநயம் பிடிக்கும் கடைசிக் காட்சி இருக்கிறதே, அது மாமல்லருக்கான பதில் இல்லையா? அன்னையையும் அத்தனையும் (தந்தையையும்) அன்றே நீத்து, தலைவன் தாளில் தலைப்பட்டவளின் பாட்டு அது. அதை ஆடும்போது அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் நின்று பார்த்துவிட்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஓசைப்படாமல் வெளியேறுகிறார். வட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த வெளியேற்றம் தண்டனை. எனக்கு அது இன்னொரு முறை சொல்லாமல் போவதாகவே படுகிறது.

மறுமொழி: மருதத்திணை

அபிநயத்தைப் பதில் என்று ஏற்கிறேன், அம்மா. ஆனால் அது இறைவனைப் பார்த்துச் சொன்ன பதில். கண்ணகி கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

மறுமொழி: ஏரிக்கரையான்

வெளியேறாமல் அவர் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? ஆட்டத்தை நிறுத்தி, சந்நிதியில் வைத்து மன்னிப்புக் கேட்டிருந்தால் அதையும் அரசனின் ஆணவம் என்றுதான் எழுதியிருப்பீர்கள். அந்த இடத்திலாவது அவளுடைய மேடையை அவளுக்கு விட்டுவிட்டுப் போனார். என் வாக்கு இன்னும் அவருக்கே. மகேந்திரருக்கு மட்டும் இல்லை.