அகலத்திரையில் எழுத்தெல்லாம் இழுபடுகிறது: பழைய கணினியை மாற்றாமல் வழி உண்டா?

ரங்கூன் டீச்சர் (சனி இரவு)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு டப்பா மானிட்டர் இந்த மழையோடு போய்விட்டது. 17 அங்குலம்தான், ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து அதை இறக்க இரண்டு பையன்கள் தேவைப்பட்டார்கள். பதிலுக்கு 22 அங்குல அகலத்திரை ஒன்று வாங்கினேன். பழைய விஜிஏ கேபிளையே (மானிட்டருக்குப் படம் கொண்டு போகும் பழைய வகைக் கம்பி) மாட்டினேன், படம் வந்தது. ஆனால் எல்லாமே பக்கவாட்டில் இழுத்துவிட்டது போல இருக்கிறது.

கோயிலில் ஞாயிறுதோறும் சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அதற்கான எழுத்துப் பயிற்சித் தாள்களை வீட்டில்தான் தயாரிக்கிறேன். புள்ளி வைத்த எழுத்தின் மேல் பிள்ளைகள் பென்சிலை ஓட்டுவார்கள். இப்போது திரையில் 'ட' படுத்துக் கிடக்கிறது, ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளும் முட்டை முட்டையாகத் தெரிகின்றன. அச்செடுத்தால் சரியாக வருகிறது. ஆனால் திரையைப் பார்த்து அளவு வைக்க முடியவில்லை.

ரெசல்யூஷன் (திரையின் புள்ளி அளவு) பட்டியலில் இந்த மானிட்டருக்கான 1920 x 1080 இல்லவே இல்லை. கடையில் கேட்டால் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். கோர் 2 டுவோ, ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி ராம். போன வருடம் விண்டோஸ் 10 போட்டார்கள். எனக்குத் தட்டச்சும் பக்க அமைப்பும் போதும். அதற்கு இந்தப் பெட்டி இன்னும் நன்றாகவே உழைக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

மோல்மீன் தம்பி (சனி இரவு)

அக்கா, புது மானிட்டரில் எச்டிஎம்ஐ என்ற புதிய வகைத் துளை இருக்குமே. ஒரு முனை விஜிஏ, மறு முனை எச்டிஎம்ஐ என்று கேபிள் விற்கிறார்கள். அதை மாட்டிப் பாருங்கள்.

தட்டோன் ரிப்பேர்காரர் (ஞாயிறு காலை)

டீச்சர், அந்தக் கேபிளை இப்போது வாங்க வேண்டாம். தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் கடையில் தொங்கும் கேபிள்களில் பெரும்பாலானவை எச்டிஎம்ஐ உள்ள கணினியை விஜிஏ மானிட்டரில் சேர்ப்பதற்கானவை. அவை ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். உங்களுடையது நேர் எதிர்த் திசை. அதற்கு யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தனி மாற்றி வேண்டும். அதைப் போட்டாலும் இந்தக் கோளாறு தீராது.

முதலில் ஒரு சோதனை. பெயின்டில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஒரு வட்டம் போடுங்கள். திரையிலேயே அடிக்கோலை வைத்து அளந்து சொல்லுங்கள். அப்புறம் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்பிளே அடாப்டர் என்ற வரியின் கீழே என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

ரங்கூன் டீச்சர் (ஞாயிறு மாலை)

வகுப்பு முடிந்து வந்ததும் பார்த்தேன் அண்ணே. நடுவில் கரண்ட் போய்விட்டது, அதனால்தான் தாமதம். வட்டத்தின் அகலம் 12 சென்டிமீட்டர், உயரம் 9. அடாப்டர் பெயர் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்'.

தட்டோன் ரிப்பேர்காரர் (ஞாயிறு இரவு)

உங்கள் அடிக்கோலே விடையைச் சொல்லிவிட்டது. 9க்கு 12 என்றால் மூன்றுக்கு நான்கு. 4:3 படத்தை (அகலம் 4, உயரம் 3) 16:9 திரை முழுக்க இழுத்தால் சரியாக அந்த அளவுதான் விரியும். உங்கள் கணினி இன்னும் பழைய டப்பாவுக்கு அனுப்பிய அதே 1024 x 768 படத்தைத்தான் அனுப்புகிறது. புது மானிட்டர் அதைத் தன் அகலத்துக்கு இழுத்துக்கொள்கிறது. மானிட்டரில் கோளாறு இல்லை.

ஏன் அதையே அனுப்புகிறது? ஜி31 போர்டில் உள்ள இன்டெல் கிராபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 7 வரைதான் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) எழுதியது. விண்டோஸ் 10 வந்ததும், நீங்கள் பார்த்த அந்த 'பேசிக்' என்ற பொதுவான டிரைவரைப் போட்டுக்கொண்டது. அதற்கு பயாஸில் (கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரல்) எழுதியிருக்கும் பழைய அளவுகள் மட்டுமே தெரியும். அந்தச் சிப் விஜிஏ வழியாகவே 2048 x 1536 வரை கொடுக்கும். சக்தி இருக்கிறது, அதைச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். விஜிஏ கேபிளில் 15 பின்கள். 12, 15 இரண்டும்தான் "நான் இந்த மானிட்டர், என் அளவு இது" என்று கணினிக்குச் சொல்பவை. ஒன்று மடங்கிக் கிடந்தாலும் படம் வரும், ஆனால் சரியான அளவு பட்டியலில் வராது. கழற்றி, வெளிச்சத்தில் பாருங்கள். 9ஆம் பின் சில கேபிள்களில் இருக்கவே இருக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பெகு மாணவன் (ஞாயிறு இரவு)

டீச்சர், காசு செலவில்லாமல் உறுதி செய்ய ஒரு வழி. ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ (விண்டோஸுக்குப் பதிலான ஓர் இலவச இயங்குதளம்) எழுதி, அதிலிருந்து கணினியைக் கிளப்புங்கள். 'இன்ஸ்டால்' என்பதைத் தொடாதீர்கள், ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. லினக்ஸில் இந்தச் சிப்புக்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. அங்கே 1920 x 1080 வந்தால் போர்டு, கேபிள், மானிட்டர் மூன்றும் நலம். பிடித்துப்போனால் லினக்ஸிலேயே இருந்துவிடலாம்.

ரங்கூன் டீச்சர் (செவ்வாய் இரவு)

தம்பி, வந்துவிட்டது! பென்டிரைவிலிருந்து கிளப்பியதும் திரை முழுக்கத் தெளிவாக விரிந்தது. வட்டம் வட்டமாகவே இருந்தது. பின்களும் நேராகத்தான் இருக்கின்றன.

விண்டோஸ் 7 டிரைவரை விண்டோஸ் 10இல் ஓட்டிப் பார்த்தேன். இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று நின்றுவிட்டது. லினக்ஸுக்குப் போக எனக்குத் தயக்கம். பன்னிரண்டு வருடத் தாள்கள் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில், பழைய பக்க அமைப்பு மென்பொருளில் கிடக்கின்றன. அவற்றைக் கலைக்கத் துணிவில்லை. கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகுமா? வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர்தான். சுமை கூடிவிடுமோ என்றும் பயம்.

தட்டோன் ரிப்பேர்காரர் (புதன் காலை)

சரியாகும். பெட்டியின் பக்கப் பலகையைத் திறந்து, கார்டு சொருகும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் 16 ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். ஜி31 போர்டுகளில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் ஜிடி 710 என்ற சிறிய கிராபிக்ஸ் கார்டு போதும், பழையதாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. விண்டோஸ் 10க்கு அதற்கு டிரைவர் உண்டு. விளையாட்டுக்கென்று விற்கும் பெரிய கார்டு உங்களுக்கு வேண்டாம். இந்தப் பழைய பவர் சப்ளையில் அதை மாட்டவும் கூடாது.

இன்வெர்ட்டர் பயத்தை விடுங்கள். அந்த டப்பா மானிட்டர் சுமார் 80 வாட் இழுத்திருக்கும். புதிய எல்இடி 25 வாட்டுக்குள். ஜிடி 710 அதிகம் போனால் 19 வாட், அதையும் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்த்தாலும் முன்பை விடக் குறைவுதான்.

மாட்டும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் கார்டின் பொன்னிற விளிம்பு மங்கியிருக்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்துங்கள். பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் சொருக வேண்டும். பழைய விஜிஏ துளையில் சொருகிவிட்டுத் திரை கறுப்பாக இருக்கிறது என்று என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.

வேலையைத் தொடங்குமுன் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினி கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். கார்டு மாற்றுவதால் அது அழியாது. ஆனால் என்றாவது விண்டோஸை மறுபடி போட நேர்ந்தால், அந்த ஒரு கோப்பு இல்லாமல் உங்கள் பன்னிரண்டு வருடமும் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

ரங்கூன் டீச்சர் (சனி மாலை)

அண்ணே, ஸ்லாட் இருந்தது. பழைய ஜிடி 710 ஒன்று கிடைத்தது. முதல் முறை திரை வரவில்லை. மறுபடி கழற்றி, ரப்பரால் தேய்த்து அழுத்தினேன், அப்போதுதான் கொக்கி விழுந்தது. எச்டிஎம்ஐ கேபிளில் 1920 x 1080 வந்துவிட்டது. வட்டம் இப்போது 9க்கு 9.

ஒன்றே ஒன்று: கீழே டாஸ்க்பாரில் பாதி வெட்டுப்படுகிறது.

மோல்மீன் தம்பி (சனி மாலை)

அது ஓவர்ஸ்கேன் அக்கா. எச்டிஎம்ஐ என்றதும் சில மானிட்டர்கள் டிவி போல ஓரத்தை வெட்டிவிடும். மானிட்டரின் மெனுவில் ஓவர்ஸ்கேனை அணைத்துப் பாருங்கள்.

ரங்கூன் டீச்சர் (சனி இரவு)

அணைத்தேன், முழுசாக வந்துவிட்டது. இரண்டு பக்கத்தையும் அருகருகே திறந்து வைத்து நாளைக்கான தாளைச் செய்துகொண்டிருக்கிறேன். நாளை 'ஐ' எழுத்து. மூவருக்கும் மிக்க நன்றி.