வெறும் வயிற்றில் 118, மூன்று மாதச் சராசரி 9.8: எது பொய்?

ஒத்தக்கடைக்காரன் கேட்டது:

அப்பாவுக்கு 61 வயது, கொத்தனார். சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன வாரம் ரத்தம் கொடுத்தோம். வெறும் வயிற்றில் 118. அதைக் கேட்டதும் மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். லேப் வாசல் டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ சொல்லிக் குடித்தார், எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் மீதித் தாள் வந்தது. ஹெச்பிஏ1சி 9.8. டாக்டர் தாளைப் பார்த்தார், இன்னொரு மாத்திரை எழுதினார், மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என்ன ஏது என்று கேட்க வாயெடுப்பதற்குள் வெளியே நிற்கிறோம்.

ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கையில் எடுத்த ரத்தம். ஒன்று நல்லது என்கிறது, இன்னொன்று மோசம் என்கிறது. லேபில் மாற்றிவிட்டார்களா? வேறு இடத்தில் எடுத்துப் பார்க்கலாமா? அப்பாவோ, "118தாண்டா நெசம், மத்தது காசு புடுங்க எடுக்கிறது" என்கிறார். உடம்பில் ஒரு தொந்தரவும் கிடையாது. இன்றைக்கும் மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்று பூச்சு வேலை பார்க்கிறார்.

பழைய லேப் ஆள்:

தம்பி, இரண்டும் நிஜம்தான். 118 என்பது அன்று காலை ஏழு மணி நிலவரம். ஹெச்பிஏ1சி அப்படி இல்லை. ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். அந்த அணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அதனால் இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் கிடக்கும். 9.8 என்றால் சராசரி 235 பக்கம் ஓடியிருக்கிறது. பெரும்பாலானவர்களை 7க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

இருபத்தேழு வருடம் ஊசி குத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். "நேத்து என்னண்ணே சாப்டீங்க?" என்று கேட்டால் கேப்பைக்களி என்பார்கள். முந்தாநாள்? அதுவும் கேப்பைக்களி. அதற்கு முந்தைய நாளைக் கேட்டால் மேலே ஃபேனைப் பார்ப்பார்கள். டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் யோக்கியமாக இருந்தால் வெறும் வயிற்று எண் இறங்கிவிடும். மூன்று மாத எண் அசையாது. காலையில் சரியாக இருந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் எகிறுகிற ஆட்களும் உண்டு. அப்புறம், ரத்தசோகை இருந்தாலும் இந்த எண் ஏமாற்றும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அதே தாளில் பாருங்கள்.

மூலிகைப்பிரியன்:

ஆவாரம்பூக் கஷாயம் ஒரு மண்டலம் குடிக்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். கிட்னிதான் போகும்.

வாடிப்பட்டி அக்கா:

மேலே சொன்ன தம்பிக்கு: கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். கை கால் வலிக்கு இஷ்டத்துக்கு வாங்கிப் போடுகிற வலி மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கஷாயம் குடிப்பது அவரவர் விருப்பம், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கிறவள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கி வைத்தாரே, அந்தத் திட்டம்தான். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் போகிற நேரத்தில் ஆம்பளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். பொண்டாட்டி கையெழுத்துப் போட்டு வாங்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார். அடுத்த மாதம் போனால் பாட்டில் அப்படியே இருக்கும். எங்கள் நோட்டில் கொடுத்தாயிற்று. 2023ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 31.5 கோடிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு என்று போட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பாட்டில்கள்தான் கண்ணில் வந்தன. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. வலிக்காத நோய்க்கு யார் கூலியை விடுவார்?

உங்கள் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள், கிட்னி பழுதைக் காட்டுகிற கிரியாட்டினின் எண் ரத்தத்தில் ஏறுவதற்கு ரொம்ப முன்னாலேயே அது ஒழுக ஆரம்பிக்கும். விழித்திரையும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் காட்டலாம். சொட்டு மருந்து விட்டுத்தான் பார்ப்பார்கள், அன்றைக்கு அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

செல்லூர் தறிக்காரன்:

நானும் ஒரு தொந்தரவும் இல்லாத கட்சிதான். மதுரைக்கு வருகிற அழகரை வரவேற்கிற எதிர்சேவைக்கு மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன். பகல் பதினோரு மணித் தார் ரோடு. மச்சினன் பந்தல் நிழல் பார்த்துத் தாவித் தாவி வருகிறான். எனக்குச் சுடவே இல்லை. அழகர் நமக்கு மட்டும் குளிர வைத்திருக்கிறார் என்று பெருமையாக வேறு இருந்தது. வீட்டில் மகள்தான் பார்த்தாள், இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். ஒன்று உடைந்து சீழ் வைத்தது. இப்போது இடது காலில் மூன்று விரல்தான்.

அப்பா கொத்தனார் என்கிறீர்கள். ஈரச் சிமென்ட் காலை அரிக்கும், ஆணி கிடக்கும். சர்க்கரையால் உணர்வு போன காலுக்கு இதெல்லாம் தெரியாது. டாக்டர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், ஒரு நிமிட வேலை. அதுவரை தினமும் ராத்திரி நீங்களே அவர் பாதத்தைப் பாருங்கள். வெட்கப்படுவார். பரவாயில்லை, பாருங்கள்.

ஒத்தக்கடைக்காரன்:

லேப் அண்ணன் ஏதோ எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது போல எழுதியிருக்கிறார். அம்மாவைக் கேட்டேன். ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் மூன்று நாள் கேப்பை, மூன்று நாள் மாத்திரை. மற்ற நாளில் கெடா வெட்டு, கல்யாண விருந்து என்றால் மட்டும் இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்வாராம்! ஹீமோகுளோபின் 13.6, அதில் பிரச்சினை இல்லை.

அவரிடம் சண்டைக்குப் போனேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். இரண்டு வருடம் முன்னால் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் டீயோடு சாரத்தில் ஏறியிருக்கிறார். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கரணை கீழே விழுந்துவிட்டது. கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரிக்குத் தெரிந்தால் மேலே ஏற்ற மாட்டார் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து தினமும் மாத்திரை போடுவதை விட்டுவிட்டார். நான் திமிர் என்று நினைத்தது பயமாக இருந்திருக்கிறது.

வாடிப்பட்டி அக்கா:

இதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த மணி அடித்தாலும் எழுந்திருக்காதீர்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இப்படித்தான் தடாலென்று இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அது அபூர்வம். அவர் வேலை நேரம், சாப்பாட்டு நேரம் தெரிந்தால் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார்கள். அவர் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று தெரியாமல்தான் இன்னொன்றைச் சேர்த்து எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் திடீரென்று ஒன்றாக ஆரம்பித்துவிடாதீர்கள், கேட்டுக்கொண்டு போடுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

ஒத்தக்கடைக்காரன்:

சரிக்கா. சனிக்கிழமை கூட்டிப் போகிறேன், நானும் லீவு சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி பாதத்தைப் பார்த்தேன். வெடிப்பு, வெடிப்புக்குள் சிமென்ட், புண் இல்லை. உள்ளங்காலில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். தெரியலைடா என்றார். நான் நிமிர்ந்து பார்த்ததும், சும்மா சொன்னேன் என்று சிரித்தார். எதை நம்புவது என்று தெரியவில்லை.