இருவரும் சம்மதித்த கூலி அநியாயமாக இருக்க முடியுமா?

கேள்வி: சம்பளக் கணக்காளர்

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரே இயந்திரத்தில், ஒரே ஷிப்டில், ஒரே அளவு உற்பத்தி செய்யும் இருவரில், நிறுவனத்தின் நேரடிப் பட்டியலில் இருப்பவர் பெறுவதில் ஏறத்தாழப் பாதியைத்தான் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர் பெறுகிறார். ஒவ்வொரு மாதமும் இந்த இரண்டு தொகைகளையும் நானே எழுதிக் கணக்கை முடிக்கிறேன். சென்ற மாதம் மேலாளரிடம் இதைக் கேட்டேன். அவர் கோபப்படாமல், பொறுமையாகவே விளக்கினார்: "யாரையும் கட்டாயப்படுத்தி அழைத்து வரவில்லை, கூலி இவ்வளவு என்று சொன்னோம், சம்மதித்து வந்தார், வேறிடத்தில் கூடுதலாகக் கிடைத்தால் அவர் போவதற்கு எந்தத் தடையும் இல்லை."

அந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கு உடனே தெரியவில்லை. மனம் உறுத்துகிறது என்பது ஒரு வாதமாகாது. இரண்டு தரப்பும் சம்மதித்த ஒரு விலையை, மூன்றாவதாக நிற்கும் நான் எந்த அளவுகோலை வைத்து நியாயமற்றது என்று சொல்வது? அந்த அளவுகோலைச் சட்டம் வகுக்க வேண்டுமா, தொழிற்சங்கம் பேசி முடிவு செய்ய வேண்டுமா, அல்லது சந்தையே காலப்போக்கில் சரிசெய்துவிடும் என்று விட்டுவிடலாமா? இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ முன்பே முடிவெடுத்துவிட்டு நான் கேட்கவில்லை. காரணங்களோடு பதில் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: முன்னாள் சங்கச் செயலாளர்

உங்கள் மேலாளரின் வாதத்துக்கு மிகப் பழைய மறுமொழி, சுதந்திரச் சந்தையின் தந்தை என்று போற்றப்படும் ஆடம் ஸ்மித்திடமிருந்தே வந்திருக்கிறது. 1776-இல் கூலியைப் பற்றி எழுதும்போது அவர், முதலாளி ஒரு தொழிலாளியைக்கூட வைத்துக்கொள்ளாமல் ஓரிரு ஆண்டுகள் கைம்முதலைக் கொண்டு வாழ்ந்துவிட முடியும், ஆனால் வேலை இல்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாத தொழிலாளர் பலர், ஒரு மாதம் தாங்குபவர் சிலர், ஓராண்டு தாங்குபவர் அரிது என்று கணக்கிட்டுக் காட்டுகிறார். கூலியைக் குறைவாக வைத்திருக்க முதலாளிகள் தமக்குள் பேசி வைத்துக்கொள்வது எங்கும் எப்போதும் நடப்பது, அது சத்தமின்றி நடப்பதால்தான் நம் காதில் விழுவதில்லை என்றும் அவர் சொல்கிறார். ஆகவே பேரத்தில் இரு தரப்பும் சம்மதித்தார்களா என்று மட்டும் பார்த்தால் போதாது. சம்மதிக்க மறுத்திருந்தால் யார் எத்தனை நாள் காத்திருக்க முடிந்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

சங்கம் என்பது அந்தக் காத்திருக்கும் வலிமையைக் கூட்டாகச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு. சந்தா, வேலைநிறுத்த நிதி, கோரிக்கைப் பட்டியல், பேச்சுவார்த்தைக் குழு எல்லாம் அதற்காகத்தான். தொழிலாளர் கூடிப் பேசுவதையே குற்றமாக்கி இங்கிலாந்தில் 1799-இலும் 1800-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை நீங்க 1824 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலாளிகளின் மறைமுகக் கூட்டுக்கு எதிராக அந்தக் காலத்து நீதிமன்றங்கள் அதே வேகத்தைக் காட்டவில்லை. "உழைப்பு விற்பனைச் சரக்கன்று" என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1944-இல் பிலடெல்பியாவில் பிரகடனம் செய்ததற்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

கூலியோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பொறுப்பில் இருந்த முப்பது ஆண்டுகளில் கூலி உயர்வுக்காகப் பேசிய நாள்களைவிட, ஒருவரை விசாரணையின்றி வெளியேற்றக் கூடாது என்று பேசிய நாள்களே அதிகம். ஓவர்டைம் கணக்கில் நான்கு மணி நேரம் குறைகிறது என்று கேட்ட ஓர் இளைஞருக்கு மறுநாளிலிருந்து வேலையே தரப்படவில்லை. அவர் தனியாகக் கேட்டார். அதனால் தனியாகவே வெளியே நின்றார். அவருக்காக நாங்கள் பேசி முடிக்க ஏழு மாதங்கள் ஆயின.

மறுமொழி: சிறுதொழில் நடத்துபவர்

முப்பது பேருக்குக் கூலி கொடுக்கும் இடத்தில் இருந்து எழுதுகிறேன். ஸ்மித் சொன்ன அந்த ஓரிரு ஆண்டுக் கைம்முதல் என்னிடம் இல்லை. ஒரு பெரிய வாடிக்கையாளர் இரண்டு மாதம் பணத்தை நிறுத்தினால் நானும் தாங்கமாட்டேன். எல்லா முதலாளிகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் பேச்சு தொடக்கத்திலேயே தவறிவிடும்.

கூலியை உண்மையில் உயர்த்துவது எது? அதே தொழிலாளியை விரும்பி அழைக்கும் இன்னொரு முதலாளிதான் என்பது என் அனுபவம். 1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஆலையில் ஆள்கள் விலகும் விகிதம் ஆண்டுக்கு 370 சதவீதமாக இருந்தது. சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்தில் ஓராண்டில் 50,000-க்கும் மேற்பட்டோரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 சனவரியில் அவர் நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். அது அதுவரை வழங்கியதைப்போல் இரண்டு மடங்கு. எந்தச் சங்கமும் அவரைக் கேட்கவில்லை. அவர் தொழிற்சங்கத்தை அங்கீகரித்ததே 1941-இல்தான்.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டும் உண்டு. 1938-இல் அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 25 சென்ட் என்று குறைந்தபட்சக் கூலியை விதித்தபோது, அது அந்நாட்டின் ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவுக்கும் பொருந்தியது. அங்கே தையல், பூவேலை செய்துவந்த பெண்கள் பெற்றுக்கொண்டிருந்தது அதைவிட மிகக் குறைவு. விளைவாக அவர்களுக்குக் கூலி உயரவில்லை, வேலைதான் போயிற்று. 1940-இல் அந்தத் தீவுக்கென்று தனி விகிதம் வகுக்க நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு எண், அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களையே வெளியே தள்ளியது. இதை நான் வேதனையோடுதான் சொல்கிறேன்.

செயலாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். கணக்காளர் குறிப்பிடும் ஆலையில் நேரடிப் பட்டியலில் இருப்பவர்களுக்குச் சங்கம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பாதிக் கூலி பெறும் ஒப்பந்தத் தொழிலாளியை அந்தச் சங்கம் உறுப்பினராகச் சேர்த்திருக்குமா? நிரந்தரத் தொழிலாளருக்கு உயர்ந்த கூலியைப் பேசி வாங்கிவிட்டு, அதற்கான செலவை நிர்வாகம் ஒப்பந்த ஆள்களின் தலையில் இறக்கும்போது கண்டுகொள்ளாமல் இருந்த சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: பொருளியல் ஆசிரியை

இருவரும் சொன்ன தரவுகள் சரியானவையே. அவை ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றுவது, எந்த வகைச் சந்தையைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாததால்தான்.

பாடநூல் வரையும் சந்தையில் எண்ணற்ற முதலாளிகள் இருப்பார்கள். கூலி சற்றுக் குறைந்தாலும் தொழிலாளி அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். உண்மையில் வேலை மாறுவதற்கு ஒரு விலை உண்டு: வீடு மாற்ற வேண்டும், பிள்ளைகளின் பள்ளியை மாற்ற வேண்டும், இடைப்பட்ட நாள்களுக்கு வருமானம் வேண்டும், அடுத்த இடம் எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. இவற்றால் முதலாளிக்குக் கூலியைத் தாமே வைக்கும் ஓரளவு அதிகாரம் கிடைத்துவிடுகிறது. உழைப்பை வாங்குபவர் ஒருவரே என்பதுபோன்ற இந்த நிலையைப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இலேயே விரிவாக ஆராய்ந்தார். அத்தகைய சந்தையில் தொழிலாளி உண்டாக்கும் மதிப்பைவிடக் கூலி கீழேயே தங்கும். அங்கே சட்டமோ சங்கமோ கூலியை ஓர் அளவு வரை உயர்த்தினால் வேலைவாய்ப்பு குறைய வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த அளவைத் தாண்டினால் குறையும். போர்ட்டோ ரிக்கோவில் தாண்டியது.

1992-இல் நியூ ஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்குள்ள துரித உணவகங்களை அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதி உணவகங்களோடு ஒப்பிட்டார்கள். வேலைகள் குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. அந்த முடிவை நியூமார்க், வாஷர் ஆகியோர் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு மறுத்தார்கள். விவாதம் இன்றும் தொடர்கிறது. கார்டுக்கு 2021-இல் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்ததில் இந்த ஆய்வுமுறைக்கும் பங்குண்டு. ஜெர்மனி 2015-இல் முதன்முறையாக நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 8.50 யூரோவைக் கொண்டுவந்தபோது பலர் அஞ்சிய பெரும் வேலையிழப்பு ஏற்படவில்லை. அங்கே தொகை, நாட்டின் நடுத்தர ஊதியத்தில் ஏறத்தாழப் பாதி என்ற அளவில் நின்றது. ஆகவே குறைந்தபட்சக் கூலி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. அந்த இடத்தில் வழங்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

ஃபோர்டைப் பற்றி ஒரு சொல். கூலி உயர்வுக்குப் பிறகு விலகும் விகிதம் 1914-இல் 54 சதவீதமாகச் சரிந்தது. அவருடைய ஆலை இருந்த நகரில் தொழிலாளருக்கு வேறு வேலைகள் இருந்தன, அவர்களால் விலக முடிந்தது, ஆகவே அவருக்கு உயர்த்த வேண்டியிருந்தது. விலகும் வழியையே முதலாளிகள் கூடி அடைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் சில ஒருவர் பொறியாளரை மற்றவர் அழைக்கக் கூடாது என்று தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டதை 2010-இல் அந்நாட்டு அரசின் நீதி அமைச்சகம் வழக்கிட்டு நிறுத்தியது. பொறியாளர்கள் தொடுத்த வழக்கு 2015-இல் 41.5 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. உயர்ந்த சம்பளம் பெறும் பொறியாளர்களுக்கே இப்படியென்றால், நாள்கூலிக்கு வருபவரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்காளர் கேட்ட நேரடியான கேள்விக்கு வருகிறேன். முகமை மூலம் அனுப்பப்படும் தொழிலாளருக்கு, அதே பணியில் நேரடியாகச் சேர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் அடிப்படை ஊதியமும் வேலை நிலைமைகளும் கிடைக்க வேண்டும் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் விதியாகவே வகுத்தது. சில விலக்குகளுக்கு அதில் இடமுண்டு என்றாலும் அளவுகோல் தெளிவானது: ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திட்டார் என்பதைவிட, செய்யப்படும் வேலை எது என்பதே கூலியைத் தீர்மானிக்க வேண்டும்.

மறுமொழி: முன்னாள் சங்கச் செயலாளர்

சிறுதொழில் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. நேர்மையாகவே ஒப்புக்கொள்கிறேன்: ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்ப்பதில் நாங்கள் பின்தங்கினோம். சேர்த்தால் நிரந்தரத் தொழிலாளருக்கான போனஸ் பேச்சில் வலு குறையும் என்று எங்கள் கூட்டங்களிலேயே வாதிட்டார்கள். நானும் அந்த வாதத்துக்கு அழுத்தமாக எதிர்ப்புச் சொல்லாமல் இருந்த ஆண்டுகள் உண்டு. அதன் பலனை நாங்களே அனுபவித்தோம். நிரந்தரப் பணியிடங்கள் ஒவ்வொன்றாக ஓய்வில் மறைய, அந்த இடங்களுக்கு ஒப்பந்த ஆள்கள் வந்தார்கள். கடைசியில் வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் ஆலை நிற்காத நிலை வந்துவிட்டது. பாதிக் கூலிக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கும்வரை முழுக் கூலி பெறுபவரின் பேரமும் உறுதியானதாக இருக்காது. இதை நாங்கள் காலங்கடந்து கற்றோம்.

மறுமொழி: சிறுதொழில் நடத்துபவர்

அவ்வளவு திறந்த மனத்தோடு சொன்னதற்கு நன்றி ஐயா. நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் ஆள்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க எனக்கு விருப்பம் இருந்தும் முடியாமல் போனது இரண்டு முறை. இரண்டு முறையும், கூலியைக் குறைத்து விலையைக் குறைத்த இன்னொருவரிடம் ஆர்டர் போயிற்று. ஆகவே எனக்கு அஞ்சத்தக்கதாகத் தோன்றுவது உயர்ந்த கூலியைவிட, நான் மட்டும் கொடுக்க வேண்டிய உயர்ந்த கூலி. ஒரு தொழில் முழுவதற்கும் ஒரே உடன்பாடு என்றால் போட்டி கூலியில் நடக்காமல், தரத்திலும் நிர்வாகத் திறமையிலும் நடக்கும். அப்படி எங்காவது நெடுநாள் நடந்திருக்கிறதா?

மறுமொழி: பொருளியல் ஆசிரியை

நடந்திருக்கிறது. சுவீடனிலும் டென்மார்க்கிலும் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி இன்றும் இல்லை. தொழில்துறை வாரியாக முதலாளிகளின் கூட்டமைப்பும் தொழிற்சங்கங்களும் பேசி முடிவு செய்கின்றன. டென்மார்க்கில் இதற்கான அடிப்படை உடன்பாடு 1899-இலும், சுவீடனில் 1938-இலும் ஏற்பட்டன. சுவீடனின் சங்கப் பொருளியலாளர்களான ரேனும் மெய்த்னரும் 1951-இல் முன்வைத்த திட்டம் துணிச்சலானது: ஒரே வேலைக்கு எல்லா நிறுவனங்களிலும் ஒரே கூலி, அதைத் தாங்க முடியாத நிறுவனம் மூடப்பட்டாலும் சங்கம் தடுக்காது, வேலையிழந்தவருக்குப் பயிற்சியும் இடம்பெயரும் செலவும் அரசின் பொறுப்பு. காக்க வேண்டியது பணியிடத்தை அன்று, தொழிலாளியையே என்று அவர்கள் முடிவு செய்தார்கள். சந்தையின் போட்டியை ஏற்றுக்கொண்ட சங்கம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் சங்கத்தில் இருந்ததால்தான் அது அங்கே நடந்தது. பத்தில் ஒருவர்கூடச் சங்கத்தில் இல்லாத இடத்தில் அந்த உடன்பாட்டை யார் யாரோடு செய்வது? அங்கே சட்டம்தான் அடித்தளம் இட்டுத்தர வேண்டியிருக்கும்.

மறுமொழி: சம்பளக் கணக்காளர்

அனைவருக்கும் நன்றி. மேலாளரின் வாதத்தில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது என்ன என்று இப்போது தெரிகிறது. "சம்மதித்தார்" என்ற சொல்லுக்குள், பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் எவ்வளவு பெறுகிறார் என்பதை ஒப்பந்தத் தொழிலாளி அறிந்திருந்தார் என்ற அனுமானமும் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. நிறுவனம் அவர் தலைக்கு ஒப்பந்ததாரரிடம் எவ்வளவு செலுத்துகிறது, அதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதும் தெரியாது. இரண்டு தொகையும் என் மேசையில் இருக்கின்றன. இடைவெளி சிறியதன்று, பட்டியல்களை வைத்துப் பார்த்ததில், ஒப்பந்ததாரருக்குப் போகும் தொகையையும் சேர்த்தால், நேரடியாகச் சேர்ப்பதைவிட நிறுவனம் மிச்சப்படுத்துவது நான் நினைத்ததைவிட மிகக் குறைவு.

அடுத்த வாரம் மேலாளரைச் சந்திக்கும்போது அந்த ஒப்பீட்டை எழுத்தில் கொண்டுபோகிறேன். ஒப்பந்தத் தொழிலாளரின் சம்பளச் சீட்டில் பிடித்தங்கள் முழுவதும் தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும் என்பது என் முதல் கோரிக்கையாக இருக்கும்.